உடைந்த விளக்கும் வீங்கிய கன்னமும்

“ஒத்துக்கிறியா, இல்லையாடா?”

“இடிக்காததை எப்படி சார் ஒத்துக்கிறது?”

“நீ இடிக்கலைன்னா வண்டி தானா முட்டிக்கிச்சா? வாழ்க்கை வெறுத்துப்போய் செவுத்துல தலையை மோதிக்கிச்சா?”

“லாரிக்குள்ள செவுரே எட்டாது சார். நாலு சக்கரத்தையும் பெல்ட் போட்டுக் கட்டி…”

“வாயை மூடுறா!”

அதுதான் முடியவில்லை. அந்த லாரி டிரைவரால் வாயை மூடவும் முடியவில்லை, முழுசாகத் திறக்கவும் முடியவில்லை. இடது கன்னம் வீங்கிக் கண்ணை முட்டிக்கொண்டிருந்தது. கடைவாய்ப் பல்லில் சீழ். ஒவ்வொரு வார்த்தையும் முள்வேலியைத் தாண்டித்தான் வெளியே வந்தது. எதிரே நின்று கத்தியவர் யார்? பல் டாக்டர். கத்திய இடம்? அவருடைய கார் ஷெட். ஷெட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்? அவருடைய கிளினிக். சாய்வு நாற்காலி, ஊசி, மருந்து எல்லாம் தயார்.

“இடிச்சது நான்தான்னு எழுதிக் குடு. அடுத்த நிமிஷம் உன் பல்லைப் பார்க்கிறேன். இல்லேன்னா இப்படியே உக்காந்திரு. கேட்டைப் பூட்டியாச்சு. லாரியும் போகாது, நீயும் போக மாட்ட.”

இந்த நேரத்தில்தான் பக்கவாட்டுக் கதவு வழியாக மூக்கர் உள்ளே வந்தார். ஊரார் விஷயத்தில் மூக்கை நுழைப்பதையே தொழிலாக்கிக்கொண்டு, தையல் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் போட்டிருப்பவர். அவர் பின்னால், எங்கே போனாலும் பின்னாலேயே போவதால் ‘வாலு’ என்று தெரு பெயர் வைத்த அவருடைய உதவியாளர். புருஷனைத் துரத்திவிட்டு வேலைக்கு வந்தவள். துரத்தியபோது நாக்கை மட்டும் கூடவே வைத்துக்கொண்டாள். இவர்கள் இருவரையும் கூட்டிவந்தது லோடு அக்கா. லாரியும் அவளுடையது, டிரைவரும் அவளுடைய ஆள்.

“இவரு யாரு?” என்றார் டாக்டர்.

“துப்பறியிறவரு” என்றாள் லோடு அக்கா. “என் டிரைவர் மேல இடிச்ச கேஸ் விழுந்தா, இனிமே எந்த லாரி ஆபீஸும் அவனை நம்பி மூடின லாரி லோடு குடுக்காது. மறுபடி மணல் லோடுதான். நிஜமா இடிச்சிருந்தா நானே எழுதிக் குடுக்கச் சொல்வேன். இடிக்கல.”

“துப்பறிஞ்சுக்கோ. பல்லுக்கு மட்டும் துப்பு கிடையாது” என்று டாக்டர் சிரித்தார். நல்ல வெள்ளைப் பற்கள்.

சண்டைக்குக் காரணமான சீமாட்டி ஷெட்டின் நடுவில் நின்றிருந்தாள். பழைய காலத்துக் கார். தாத்தாக்களே பார்த்திராத வயசு. கரும்பச்சை உடம்பு, நீண்ட மூக்கு, இரண்டு பெரிய உருண்டை விளக்கு. இப்போது ஒன்று குருடு. அந்தப் பக்கத்து மட்கார்டும் ஒடுங்கியிருந்தது.

இந்தக் காரை வெகு தொலைவில் உள்ள ஊரிலிருந்து கொண்டுவர டாக்டர் செய்த ஏற்பாடு தெரு முழுக்கப் பிரசித்தம். திறந்த லாரி கூடாது, தூசி படும். சங்கிலி கூடாது, மெத்தென்ற பெல்ட்; அதுவும் சக்கரத்துக்கு மட்டும், உடம்பில் படவே கூடாது. டேங்கில் கால்வாசிக்கு மேல் பெட்ரோல் கூடாது. பனியன் துணியில் அளவெடுத்துத் தைத்த கவர். வீடு வந்து சேரும்வரை அதை எவனும் தொடக் கூடாது. சாவி டிரைவர் கையில் போகக் கூடாது. கூடவே காவலுக்கு வீட்டு மாப்பிள்ளை. இதே டாக்டர்தான் கால் ஒடிந்த தன் சொந்த அக்காவைச் சாதாரண பஸ்ஸில், கடைசி சீட்டில் ஏற்றி, “ஜன்னல் ஓரமா உக்காரு, காத்து வரும்” என்று அனுப்பியவர்.

மூக்கர் குனிந்து கவரைப் புரட்டினார். “அம்மாடி, இங்க பாரு.”

வாலு பார்த்தாள். “ஒரு கிழிசல்கூட இல்ல சார்.”

“உள்ள இருக்கிறவளுக்குக் கண்ணு போயிருக்கு. முக்காடு கசங்கல.”

“சட்டை கிழியாம விலா எலும்பு ஒடிஞ்ச கதை. கண்ணாடித் தூள்கூட இல்லையே சார்? கவருக்குள்ள உடைஞ்சிருந்தா அதுக்குள்ளதானே கொட்டியிருக்கணும்?”

“அப்ப உடைஞ்சது கவர் இல்லாத நேரத்துல. உடைச்சவங்க பெருக்கிச் சுத்தம் பண்ணிட்டு, மறுபடி மூடியிருக்காங்க.” மூக்கர் டிரைவர் பக்கம் திரும்பினார். “நீங்க ஏத்தும்போது வண்டியைச் சுத்தி வீடியோ எடுப்பீங்களே?”

“எடுத்தேன் சார். கவரைத்தான் எடுத்தேன். திறக்கக் கூடாதுன்னு ஆர்டர்.”

வாலு அந்த வீடியோவைப் பார்த்தாள். சாம்பல் துணி போர்த்திய ஒரு உருவம், நாலு பக்கமிருந்தும். “பிணத்துக்குக்கூட முகத்தைத் திறந்து காட்டுவாங்க” என்றாள்.

விஷயம் இப்படி: லோடு அக்காவின் வேறொரு லாரி, காரை விற்றவர் வீட்டிலிருந்து ஏற்றிவந்து, பாதி வழியில் உள்ள அவளுடைய லாரி யார்டில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு நாள் கார் நின்றது. மறுநாள் இந்த டிரைவர் தன் லாரியில் வின்ச் என்ற இழுவைக் கம்பியைப் போட்டு, கவரோடேயே இழுத்து ஏற்றி, இங்கே கொண்டுவந்தார். மாப்பிள்ளை ஆரம்பத்திலிருந்து கூடவே.

“அவரைக் கேளுங்க சார்” என்றார் டிரைவர். “என் பக்கத்துலதான் உக்காந்து வந்தாரு. என் தலையணையில தூங்கினாரு. நான் எங்கயாவது பிரேக்கை வேகமா அடிச்சேனான்னு கேளுங்க.”

ஷெட்டுத் தூணோடு தூணாக நின்ற மாப்பிள்ளை, தன் செருப்பைப் பார்த்தபடி, “நான் தூங்கிட்டேன். எனக்குத் தெரியாது” என்றார்.

டிரைவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னம் வீங்கியவன் முகத்தில் வருத்தம் தெரியாது என்பார்கள். தெரிந்தது.

“இங்க வந்ததும் கவரை எடுத்தது யாரு?” என்று மூக்கர் கேட்டார்.

“டாக்டர் சார்தான். பின்னாடியிலிருந்து தூக்கினாரு. கொஞ்ச நேரம் அங்கேயே நின்னாரு. அப்புறம் முன்னாடி வந்தாரு, பார்த்தாரு, என் சட்டையைப் பிடிச்சாரு.”

மூக்கர் கவரின் பின்பகுதியைத் தூக்கி முகர்ந்தார். துணியில் ஒரு பெரிய கறை. “பெட்ரோல்.”

“ஆமா சார், மேடு ஏறும்போதெல்லாம் வாடை வந்திச்சு. மாப்பிள்ளை சார்கிட்ட சொன்னேன். பழைய வண்டின்னா அப்படித்தான் மணக்கும்னாரு.”

மூக்கர் காரின் பின்னால் போய் டேங்க் மூடியைத் திருகினார். வாலு எட்டிப் பார்த்தாள். கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்தது.

“முதல்ல ஏத்தினப்ப கால் டேங்க்” என்றாள் லோடு அக்கா, போனைத் தேய்த்துக்கொண்டே. “கவர் போடறதுக்கு முன்னாடி எங்க ஆபீஸ்ல பெட்ரோல் மீட்டரையும் சேர்த்துத்தான் போட்டோ எடுப்போம். இதோ.”

“நம்ம சீமாட்டி படுத்துக்கிட்டே குடிச்சிருக்கா சார்” என்றாள் வாலு.

“திருடி ஓட்டினவன் இருக்கிறதைக் காலி பண்ணிட்டுப் போவான். நிரப்பி வச்சிட்டுப் போற திருடனை எங்கயாவது பார்த்திருக்கியா?”

“என் மாஜி மாமியார் வீட்டுல ஒரு பூனை உண்டு. பாலைக் குடிச்சிட்டுத் தண்ணி ஊத்தி வைக்கும்னு அவங்க சத்தியம் பண்ணுவாங்க.”

அந்தச் சமயத்தில் கேட் திறந்து, டாக்டரின் மகள் தன் சின்னக் காரில் வந்து இறங்கினாள். அவளும் பல் டாக்டர், அப்பாவின் கிளினிக்கிலேயே. தெருவில் ‘சின்ன டாக்டர்’. அப்பா வந்தாயா என்று கேட்கவில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. டிரைவர் சட்டையைப் பிடித்திருந்த கையை எடுக்காமலே கேட்டார்:

“பெட்ரோல்?”

“ஃபுல் பண்ணிட்டேன்ப்பா.”

“அதுதான் ஒழுங்கு” என்று டாக்டர் சபையைப் பார்த்துப் பெருமைப்பட்டார். “இந்த வீட்டுல யார் எந்த வண்டியைத் தொட்டாலும் டேங்க் நிறைஞ்சுதான் திரும்பணும். என் கல்யாணத்துலேர்ந்து அதான் சட்டம். குறைஞ்சு வந்தா அன்னைக்குச் சாவியைப் பிடுங்கிடுவேன்.”

வாலு மூக்கரின் விலாவில் முழங்கையால் இடித்தாள். மூக்கர் தலையை லேசாக ஆட்டினார். வீட்டு ஆள். பழக்க தோஷம். கை தானாகப் பெட்ரோல் பங்குக்குத் திருப்பியிருக்கிறது.

“மாப்பிள்ளைதான் சார்” என்று அவள் கிசுகிசுத்தாள். “சாவியும் அவர்கிட்ட, காரும் அவர்கிட்ட.”

மூக்கர் குரலை உயர்த்தினார். “மாப்பிள்ளை சார், உங்க வீட்டுக்காரம்மா கார் லாரிக்கு முன்னாடி நிக்குது. கொஞ்சம் நகர்த்தி விடுங்களேன்.”

டாக்டர் சிரித்த சிரிப்பில், ஷெட்டில் வௌவால் இருந்தால் பறந்திருக்கும்.

“யாரு, இவனா? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல இவன் ஓட்டின ஒரே வண்டி சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி! அதையும் ஒரு அம்மா கால்ல ஏத்திட்டான். வீட்டோட இருக்கிற மாப்பிள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங்? முன் சீட்டே அதிகம்.”

சின்ன டாக்டரும் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளக்கூட இல்லை. மாப்பிள்ளையின் காது சிவந்தது. அவர் சின்ன டாக்டர் நீட்டிய சாவியைக் கையில் வைத்து, அது எந்தப் பக்கம் நுழையும் என்று தெரியாதவர் போல விழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போச்சு” என்றாள் வாலு. “சின்ன டாக்டரும் இல்ல. அவங்க அத்தனை நாளும் இங்கதான் பல்லைப் பிடுங்கிட்டிருந்தாங்க. தெருவே சாட்சி, வாயைத் திறந்தபடி.”

“வீட்டுல இன்னொருத்தர் இருக்காங்களே.”

இன்னொருத்தர் டாக்டரம்மா. மருத்துவம் படித்தவர் இல்லை, தாலியோடு வந்த பட்டம். காலையிலிருந்து வந்தவர் போனவருக்கெல்லாம் டீ கொடுத்துக்கொண்டிருந்தார். டிரைவருக்கும் ஆவி பறக்க ஒரு டம்ளர் வைத்தார். பல்வலிக்காரனுக்குச் சுடச்சுட டீ. அவர் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

வாலு டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நடையில் ஒரு பயணப் பை இன்னும் பிரிக்காமல் கிடந்தது.

“ஊருக்குப் போயிருந்தீங்களாம்மா?”

“எங்க அக்கா வீட்டுக்கு.”

“லோடு அக்காவோட யார்டுகூட அந்த ஊர்லதானாம்.”

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அதை மூடினார். மறுப்பார், அழுவார், காலில் விழுவார் என்றெல்லாம் எதிர்பார்த்தாள் வாலு. அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் கத்தரிக்காய் விலை சொல்வதுபோல் சொன்னார்:

“ஆமா. நான்தான் ஓட்டினேன். மாப்பிள்ளை போன் பண்ணினாரு. ‘அத்தை, கார் நாளைக்கு வரைக்கும் இங்கதான் நிக்கும், சாவி என்கிட்ட இருக்கு’ன்னாரு. இந்தக் கார்ல நான் ஏறவே கூடாதுன்னு உங்க டாக்டர் முதல் நாளே சொல்லிட்டாரு. என் எடைக்கு ஸ்பிரிங் போயிடுமாம். பேஷண்டுங்க முன்னாடி வச்சுச் சொன்னாரு. போனேன். ஓட்டினேன். ஊரெல்லாம் சுத்தினோம். மாப்பிள்ளை முன் சீட்டுல உக்காந்து சின்னப் பிள்ளை மாதிரி ஹார்ன் அடிச்சாரு. திரும்பி வரும்போது யார்டு கேட் தூணுல இடிச்சிட்டேன்.”

“பெட்ரோல்?”

“அதுக்கு முன்னாடியே போட்டுட்டேன்.” முதல்முறையாக அவர் முகம் சற்றுச் சுருங்கியது. “கை தன்னால போயிடுச்சு.”

“வெளிய வந்து சொல்லுங்கம்மா. அந்த ஆளு துடிக்கிறாரு.”

“சொல்ல மாட்டேன்.”

“அம்மா…”

“அவருக்கு ஒரு பல்லு போகும். எனக்கு? இத்தனை வருஷமா இந்த வீட்டுல எது உடைஞ்சாலும் என் தலையிலதான் விழுந்திருக்கு. இந்த ஒரு தடவை வேற ஒருத்தன் தலையில விழட்டுமேன்னு இருந்தது. நல்லாத்தான் இருந்தது. நீ போய் உன் வேலையைப் பாரு.”

வாலு வாயெடுப்பதற்குள் ஷெட்டுப் பக்கமிருந்து ஒரு முனகல்.

அவள் ஓடியபோது ஷெட் காலி. எல்லோரும் கிளினிக்குள். டாக்டர் புதிய யுக்தி கண்டுபிடித்திருந்தார். டிரைவரைச் சாய்வு நாற்காலியிலேயே உட்காரவைத்துவிட்டார். தலைக்கு மேல் வெளிச்சம். பக்கத்துத் தட்டில் மருந்து ஏற்றிய ஊசி, அவர் கண்ணுக்கு நேராக. மடியில் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும்.

“கையெழுத்துப் போட்டா ஊசி. போட்டவுடனே வலி போயிடும். பஞ்சு மாதிரி ஆயிடும். நினைச்சுப் பாரு.”

“போடாதடா!” என்று கத்தினாள் லோடு அக்கா.

“அக்கா, முடியலக்கா” என்றார் டிரைவர். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. “மணல் லோடே ஓட்டிக்கிறேன்.” பேனாவை எடுத்துவிட்டார்.

“டாக்டர்” என்றார் மூக்கர், “வண்டியை ஓட்டினது உங்க வீட்டு ஆளு. உங்களுக்கு ஒரு கேள்வி.”

“உளறாத.”

“புதுசா ஒரு காரை வாங்கினவன் கவரை எடுக்கும்போது முகத்தைத்தான் முதல்ல பார்ப்பான். ஆசைப்பட்டு வாங்கினது இல்லையா? நீங்க பின்னாடி போய்த் தூக்கினீங்க. பின்னாடி என்ன இருக்கு? டேங்க். பொண்ணைப் பார்த்ததும் பெட்ரோல்னு கேக்கிறவரு நீங்க. மூடியைத் திறந்தீங்க. தளும்புது. கால் டேங்க்கோட கிளம்பினது தளும்பிக்கிட்டு வந்தா, யார் வேலைன்னு இந்த உலகத்துல உங்களுக்கு ஒருத்தருக்குத்தான் அந்த நொடியே தெரியும். விளக்கு உடைஞ்சதைப் பார்க்கிறதுக்கு முன்னாடியே தெரியும். கொஞ்ச நேரம் அங்கேயே நின்னீங்களாமே, அப்பத்தான். அதுக்கப்புறம்தான் முன்னாடி போய் இவன் சட்டையைப் பிடிச்சிருக்கீங்க.”

வாலு சத்தமில்லாமல் இரண்டு வேலை செய்தாள். நோயாளிகள் உட்கார்ந்திருந்த முன்னறைக் கதவைத் திறந்துவைத்தாள். வீட்டுப் பக்கக் கதவையும் திறந்துவைத்தாள். காற்றோட்டம் நல்லது.

டாக்டர் கையுறையை மெதுவாகக் கழற்றினார். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

“தெரியும். அதனால என்ன? லாரிக்காரன் இடிச்சா லோடு இன்ஷூரன்ஸ் உண்டு. வீட்டு ஆளு இடிச்சா கிடையாது. இவனுக்கு ஒரு பேரு போகும். அவன் பேருக்கு என்ன, மார்க்கெட்ல விலையா இருக்கு?”

“உங்க சம்சாரம்?”

“அவளுக்கு என்ன அவசரம்? அதை மெதுவா வச்சுக்கலாம். தினம் கொஞ்சம். இந்த வீட்டை விட்டு அவ எங்க போகப் போறா?”

வீட்டுப் பக்கக் கதவில் டாக்டரம்மா நின்றிருந்தார். கையில் டீ. டாக்டருக்குப் போட்டது.

“தெரிஞ்சேவா என்கிட்ட காலையில டீ வாங்கிக் குடிச்சீங்க?” என்றார் அவர். “சர்க்கரை கம்மின்னு வேற சொன்னீங்களே!”

அந்த அம்மாள் டம்ளரைக் கருவித் தட்டில், ஊசிக்குப் பக்கத்தில் வைத்தார். டிரைவர் மடியிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். முன்னறை வாசலில் போய் நின்று, கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கேட்கும்படி, “காரை இடிச்சது நான். அது எங்க வீட்டுக்காரருக்குக் காலையிலேயே தெரியும். தெரிஞ்சுதான் இந்த மனுஷனைப் பல்வலியோட உக்கார வச்சிருக்காரு. நீங்கல்லாம் இவர்கிட்டதான் வாயைத் திறக்கப் போறீங்க” என்றார்.

முதலில் ஒரு பெரியவர் எழுந்தார். அப்புறம் நாற்காலிகள் வரிசையாகக் காலியாயின.

அந்த அம்மாள் டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டாரா? இல்லை. அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு நடையைத் தாண்டிவிட்டார். அதைப் பற்றி இந்தத் தெருவில் இரண்டு கட்சி உண்டு.

“உன்னைச் சம்சாரம்னு வச்சுக் காப்பாத்தினேனே!” என்று டாக்டர் பின்னாலிருந்து கத்தினார்.

“பெரிய பொறுப்புதான்” என்றாள் வாலு, டிரைவரைத் தோளில் தாங்கி எழுப்பியபடி. “வாங்கண்ணே, எதிர்ச்சாரியில இன்னொரு டாக்டர் இருக்காரு. இவர்கிட்ட தொழில் கத்துக்கிட்டு, இவர் குணத்தைக் கத்துக்காம ஓடிப் போனவரு.”

எதிர்ச்சாரி டாக்டர் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காலையிலேயே வந்திருந்தால் ஒரு பல்லைக் காப்பாற்றியிருக்கலாமாம். இப்போது சீழ் பரவி, பக்கத்துப் பல்லும் போயிற்று. டிரைவர் மறுநாளே மூடிய லாரியில் ஏறினார், பெயர் கெடவில்லை. ஆனால் இன்றைக்கும் வலது பக்கம்தான் மெல்லுகிறார். மாப்பிள்ளை ஒருமுறை பழக்கூடையோடு அவரைப் பார்க்கப் போனார். டிரைவர் கூடையை வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லாவிட்டால் இந்தத் தெருவில் ஒருவருக்கும் தூக்கம் வராது. டாக்டரம்மா தன் அக்கா ஊரிலேயே தங்கிவிட்டார். அங்கே பெண்களுக்கு டிரைவிங் சொல்லித்தருகிறார். ரொம்பக் கண்டிப்பாம், அழவைக்கிறாராம். மாப்பிள்ளையும் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் அத்தை பின்னாலேயே போய்விட்டார். பெண்டாட்டியை விட்டுவிட்டு மாமியாரோடு போன முதல் மாப்பிள்ளை அவராகத்தான் இருப்பார். கார் ஒற்றைக் கண்ணோடு ஷெட்டில் நிற்கிறது. அந்த விளக்கைச் செய்கிறவர் தூர தேசத்தில் இருக்கிறார். ஓட்டிக்கொண்டு போக டாக்டருக்கு மனசில்லை, ஏற்றிக்கொண்டு போக லாரி இல்லை. லோடு அக்கா ஒவ்வொரு லாரி ஆபீஸாகப் போன் போட்டு, அந்தப் பல்வலிக் கதையை முழுசாகச் சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கேட்டுக்கு எந்த லாரியும் வருவதில்லை.

கடைசியாகக் கிளம்பியவள் சின்ன டாக்டர். விவாகரத்து முடிந்ததும் எதிர்ச்சாரி டாக்டரையே கட்டிக்கொண்டாள். அப்பா கிளினிக்கில் நோயாளி இல்லை, அங்கே கூட்டம். காதல் எங்கே பிறந்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். சாமான் மாற்ற ஒரு லாரிக்கு அலைந்து பார்த்தாள். யாரும் வரவில்லை. கட்டில், பீரோ, அம்மா விட்டுப்போன தையல் மிஷின் எல்லாம் கைமாற்றிக் கைமாற்றி, தெரு வேடிக்கை பார்க்க, சாலையைக் கடந்தன. டாக்டர் மாடி ஜன்னலில் நின்று கடைசி நாற்காலி போகும்வரை பார்த்தார். பிறகு கீழே இறங்கி வந்து, கேட்டைத் தானே சாத்திக்கொண்டார்.